தெற்காசியப் பெண்கள் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி: ஒரு சமூகவியல் நோக்கு

1

விளையாட்டைப் பற்றிய நமது எழுத்துக்கள் பெரும்பாலும் வெற்றி தோல்விக் கணக்குடன் நின்றுவிடுகின்றன. இலக்கியத்தையும் நாடகத்தையும் அவை தோன்றிய சமூகச் சூழலில் வைத்து நோக்கப் பழகியுள்ள நாம், பல்லாயிரம் மக்கள் கூடிநின்று காணும் ஓர் ஆட்டத்தை அவ்வாறு நோக்க அதிகம் முயன்றதில்லை. இக்குறையை ஓரளவேனும் போக்கும் வகையில், தெற்காசிய நாடுகளுக்கிடையிலான பெண்கள் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டியின் வரலாற்றை அதன் சமூக அடித்தளத்துடன் இணைத்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இச்சுற்றுப்போட்டி 2010ஆம் ஆண்டில் தொடங்கியது. 2024 வரையான காலப்பகுதியில் ஏழு முறை நடைபெற்றது. முதல் ஐந்து முறையும் இந்தியாவே வெற்றி பெற்றது. அவ்வைந்து முறையிலும் இந்திய அணி ஓர் ஆட்டத்திலேனும் தோற்கவில்லை. 2022இலும் 2024இலும் கிண்ணம் பங்களாதேசத்துக்குச் சென்றது. மக்கட்தொகையாலும் பொருள்வளத்தாலும் பன்மடங்கு பெரிய ஒரு நாட்டை, தனது முதலாவது சர்வதேசப் பெண்கள் ஆட்டத்தையே 2010 ஜனவரியில்தான் ஆடிய மற்றொரு நாடு பன்னிரண்டு ஆண்டுகளுள் எவ்வாறு விஞ்சியது என்பது நாம் எழுப்பும் முதலாவது வினா. அவ்வெற்றியை ஈட்டிய பெண்கள் யாவர், அவ்வெற்றியால் அவர்கள் பெற்றது யாது என்பது இரண்டாவது வினா. முதல் வினாவுக்கு விளையாட்டு நிர்வாகிகள் ஏதோவொரு வகையில் விடை கூறுவர். இரண்டாவது வினாவை எழுப்புவோர் அரிதாகவே உள்ளனர்.

2

பெண்கள் உதைபந்து ஆடுவது நமது பண்பாட்டுக்கு ஒவ்வாதது, மேலைத்தேயத்திலிருந்து வந்து புகுந்தது என்ற கருத்து தெற்காசியாவில் எங்கும் வழங்குகின்றது. இதனை எதிர்ப்போரும்கூட, மேலைத்தேயம் எப்பொழுதும் இவ்விடயத்தில் முற்போக்காக இருந்தது என்றே எண்ணுகின்றனர். வரலாறு இரு சாராருக்கும் எதிராகவே சான்று பகருகின்றது.

முதலாம் உலகப்போர்க் காலத்தில் இங்கிலாந்தின் ஆயுதத் தொழிற்சாலைகளுக்குப் பெருந்தொகையான பெண்கள் சென்றனர். தொழிற்சாலை முற்றத்திலே தொடங்கிய அவர்களது உதைபந்தாட்டம் விரைவில் பெருங்கூட்டங்களை ஈர்த்தது. பிரெஸ்டன் நகரின் டிக் கேர் தொழிற்சாலைப் பெண்கள் அணி 1920 டிசம்பர் 26இல் லிவர்பூலின் குடிசன் பார்க் அரங்கில் ஆடியபோது ஏறத்தாழ 53,000 பேர் திரண்டனர். அடுத்த ஆண்டே, 1921 டிசம்பர் 5இல், இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் தனது அங்கத்துவக் கழகங்களின் மைதானங்களைப் பெண்களுக்கு மறுத்தது. இவ்வாட்டம் பெண்களுக்குப் பொருந்தாதது என்பதே கூறப்பட்ட காரணம். ஏறத்தாழ அரை நூற்றாண்டு நீடித்த அத்தடை 1970களின் தொடக்கத்திலேயே நீங்கியது. போர் முடிந்து ஆண்கள் மீண்டமையும், பெண்களைத் தொழிற்சாலைகளிலிருந்து மீண்டும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருந்தமையும் இத்தடையின் பின்னணியில் உள்ளன என்பது மனங்கொள்ளத்தக்கது. எனவே பெண்ணின் உடலியல்போ கீழைத்தேய மரபோ இங்கு அடிப்படையன்று. பெண்ணின் உழைப்பு எப்பொழுது தேவைப்படுகின்றது, எப்பொழுது தேவையற்றதாகின்றது என்பதே அடிப்படை.

ஆசியாவில் பெண்களுக்கான முதலாவது ஆசிய உதைபந்தாட்டப் போட்டி 1975இல் ஹொங்கொங்கில் நடைபெற்றது. அதே ஆண்டில் இந்தியாவில் பெண்கள் உதைபந்தாட்டத்துக்கெனத் தனிச் சம்மேளனம் ஒன்று அமைக்கப்பட்டது. 1980இலும் 1983இலும் இந்தியப் பெண்கள் ஆசியப் போட்டியில் இரண்டாமிடம் பெற்றனர். தெற்காசியப் போட்டி தொடங்கியபோது இந்தியாவுக்கு இருந்த முன்னிலை இம்முப்பத்தைந்து ஆண்டு வரலாற்றின் விளைவேயாகும்.

3

தெற்காசிய ஆண்களுக்கான சுற்றுப்போட்டி 1993இல் ஆரம்பமாயிற்று. தெற்காசிய உதைபந்தாட்டச் சம்மேளனம் 1997இல் நிறுவப்பட்டது. பெண்கள் தமக்கெனச் சுற்றுப்போட்டியைப் பெற ஆண்களின் பின் பதினேழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 2010இன் தொடக்கத்தில் டாக்காவில் நடைபெற்ற தெற்காசிய விளையாட்டு விழாவில் பெண்கள் உதைபந்தாட்டம் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் பங்களாதேசத்தின் கொக்ஸ் பஜாரில் முதலாவது சுற்றுப்போட்டி நிகழ்ந்தது. இறுதியாட்டத்தில் இந்தியா நேபாளத்தை 1-0 என வென்றது.

2012இல் கொழும்பிலும், 2014இல் இஸ்லாமாபாத்திலும் இறுதியாட்டம் இவ்விரு நாடுகளுக்கிடையிலேயே நடைபெற்றது. முறையே 3-1, 6-0 என இந்தியா வென்றது. 2016 டிசம்பரில் சிலிகுரியில் தொடங்கி 2017 ஜனவரியில் முடிவுற்ற நான்காவது போட்டியில் முதன்முறையாகப் பங்களாதேசம் இறுதியாட்டத்துக்கு வந்து 3-1 எனத் தோற்றது. எனினும் அதே போட்டியின் பிரிவு ஆட்டத்தில் அவ்வணி இந்தியாவைக் கோலின்றிச் சமநிலையில் நிறுத்தியிருந்தது. நிகழவிருந்த மாற்றத்தின் முதல் அறிகுறி அதுவெனலாம். 2019இல் நேபாளத்தின் விராட்நகரில் இந்தியா ஐந்தாம் முறையாக வென்றது.

2022 செப்டெம்பரில் காட்மண்டுவில் நிலைமை தலைகீழாயிற்று. பிரிவு ஆட்டத்தில் பங்களாதேசம் இந்தியாவை 3-0 என வீழ்த்தியது. அரையிறுதியில் நேபாளம் இந்தியாவை 1-0 என வெளியேற்றியது. இறுதியாட்டத்தில் பங்களாதேசம் நேபாளத்தை 3-1 என வென்றது. அணித்தலைவி சபினா காத்தூன் எட்டுக் கோல்களுடன் முதலிடம் பெற்றார். 2024 ஒக்டோபரில் அதே நகரில், அதே இரு அணிகளிடையே இறுதியாட்டம் மீண்டும் நிகழ்ந்தது. பங்களாதேசம் 2-1 என வென்றது. நேபாளமோ ஏழு போட்டிகளில் ஆறு இறுதியாட்டங்களை ஆடியும் ஒருமுறையேனும் கிண்ணத்தைப் பெறவில்லை.

4

இம்மாற்றத்தைத் தனிப்பட்ட திறமைகளின் திரட்சி என விளக்குவது போதாது. அதன் வேர்கள் பங்களாதேசத்தின் கிராமியக் கல்விக் கொள்கையில் உள்ளன.

1994 முதல் அந்நாட்டில் கிராமப்புற மாணவியருக்கு இடைநிலைக் கல்வி உதவித்தொகை நாடளாவிய முறையில் வழங்கப்பட்டது. பாடசாலை வரவு, பரீட்சைப் புள்ளிகள் என்பவற்றுடன், இடைநிலைக் கல்வி முடியும்வரை மணமுடிக்காதிருத்தல் என்பதும் அதற்குரிய நிபந்தனையாகும். இளவயதுத் திருமணம் பெருவழக்காயிருந்த ஒரு நாட்டில், பன்னிரண்டு வயது முதல் பதினாறு வயது வரையான பெண்பிள்ளையைப் பாடசாலை முற்றத்தில் நிறுத்திவைக்க இது துணைசெய்தது. உதைபந்தாட்டக்காரர் உருவாகும் பருவமும் அதுவே.

2011இல் ஆரம்பப் பாடசாலை மாணவியருக்கென அரசு நாடளாவிய உதைபந்தாட்டப் போட்டி ஒன்றைத் தொடங்கியது. ஒன்றியம், உபசிலா, மாவட்டம், பிரிவு எனப் படிப்படியாக மேலேறித் தலைநகரில் முடிவுறும் இப்போட்டியில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பாடசாலைகள் பங்குபற்றலாயின. எங்கோ ஒரு மூலையில் வெறுங்காலுடன் ஓடும் ஒரு சிறுமி, பணமோ செல்வாக்கோ இன்றித் தேசிய அரங்கின் கண்ணிற்படக்கூடிய வழி இதனாலேயே திறந்தது. அவ்வாறு தெரிவானோர் டாக்கா மோத்திஜீலிலுள்ள சம்மேளனக் கட்டடத்திலேயே தங்கி, ஆண்டு முழுவதும் பயிற்றுநர் கோலம் ரப்பானி சோத்தனிடம் பயிற்சி பெற்றனர். 2017இல் 15 வயதுக்குட்பட்டோருக்கான தெற்காசியப் போட்டி, 2018இல் 18 வயதுக்குட்பட்டோருக்கான போட்டி, 2021இல் 19 வயதுக்குட்பட்டோருக்கான போட்டி ஆகியவற்றை வென்ற சிறுமியர் பலரே வளர்ந்து 2022இல் காட்மண்டுவில் ஆடினர். இந்தியாவை வென்றது ஓர் அணி என்பதிலும், பதினோராண்டு பழமையான ஒரு பாடசாலை அமைப்பு என்பதே பொருத்தமாகும்.

5

அடுத்து, இப்பெண்கள் எங்கிருந்து வந்தனர் என்பதை நோக்குவோம். மைமன்சிங் மாவட்டத்தில், இந்திய எல்லையை அண்டிய களசிந்தூர் என்னும் சிற்றூரின் அரச ஆரம்பப் பாடசாலை 2013இலும் அதனையடுத்தும் மேற்கூறிய போட்டியில் தேசிய மட்டத்தில் முதலிடம் பெற்றது. மரியா மண்டா, சஞ்சிதா அக்தர் முதலிய பலர் அவ்வூரையும் அயலையும் சேர்ந்தோர். குலமுறை தாய்வழியாக எண்ணப்படும் காரோ மக்களும் வங்காள முஸ்லிம் உழவரும் அங்கு அருகருகே வாழ்கின்றனர். மின்சாரமே அவ்வூருக்குச் சிறுமியரின் வெற்றிகளின் பின்னர்தான் வந்து சேர்ந்தது.

அணியின் மற்றொரு தூண் சிட்டகொங் மலைப்பிரதேசம். ரிதுபர்ணா சக்மா, ரூப்னா சக்மா, மொனிகா சக்மா, இரட்டைச் சகோதரியரான ஆனாய் மொகினி, ஆனுசிங் மொகினி ஆகியோர் ரங்கமாட்டி, கக்ராச்சரி மாவட்டங்களிலிருந்து வந்தோர். 2024 இறுதியாட்டத்தில் பங்களாதேசம் பெற்ற இரு கோல்களையும் மொனிகாவும் ரிதுபர்ணாவும் அடித்தனர். கோலைக் காத்தவர் ரூப்னா. மூவரும் சக்மா இனத்தவர். 1960களின் தொடக்கத்தில் நிறைவுற்ற கப்தாய் அணைக்கட்டு, அம்மலைநாட்டின் பயிர்நிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கை நீரில் ஆழ்த்தி, ஏறத்தாழ ஓர் இலட்சம் மக்களை இடம்பெயரச் செய்தது. அவர்களுள் மிகப் பெரும்பான்மையினர் சக்மாக்கள். அதனையடுத்து அங்கு வேற்றிடத்தார் குடியேற்றமும், ஆயுதப் போராட்டமும், 1997 டிசம்பர் 2இல் ஓர் உடன்படிக்கையும் நிகழ்ந்தன. அம்மக்களின் பிள்ளைகளே அந்நாட்டின் கொடியைக் காட்மண்டுவில் ஏற்றினர்.

இது பங்களாதேசத்துக்கு மட்டும் உரியதன்று. இந்திய அணியின் முதுகெலும்பாக நெடுங்காலம் விளங்கியது மணிப்பூர். நீண்ட காலம் இந்திய அணியில் ஆடித் தலைமை தாங்கிய பெம்பெம் தேவியும், 2017இலும் 2019இலும் இறுதியாட்டத்தில் கோல் அடித்த தாங்மெய் கிரேசும் அம்மாநிலத்தவர். 2017 இறுதியாட்டத்தில் மூன்றாவது கோலை அடித்த இந்துமதி கதிரேசன், தமிழ்நாட்டின் கடலூர்ப் பகுதியைச் சேர்ந்தவர். 2018இல் தமிழ்நாட்டு அணி மணிப்பூரை வென்று இந்தியத் தேசியப் போட்டியில் முதலிடம் பெற்றபோதும் அவர் முன்னின்றார்.

மலையினப் பெண்களுக்கு ஓட்டமும் உறுதியும் இயல்பாகவே அமைந்தவை என இதனை விளக்கும் போக்கு பத்திரிகைகளில் உண்டு. இஃது இனவாதத்தின் புகழுரை வடிவமேயன்றி வேறன்று. பெண்கள் வயலிலும் சந்தையிலும் வெளிப்பட உழைக்கும் சமூகங்களில் பெண்ணின் உடல் பொதுவெளியில் இயங்குவது அதிர்ச்சிக்குரியதாவதில்லை. மணிப்பூரில் இம்பால் நகரின் பெருஞ்சந்தை பெண்களாலேயே நடத்தப்படுகின்றது. 1904இலும் 1939இலும் அங்கு பெண்கள் காலனி ஆட்சிக்கெதிராகத் திரண்டெழுந்தனர். இத்தகைய உழைப்பு மரபு ஒரு காரணம். கல்வியும் தொழிலும் தலைநகரில் குவிந்திருக்க, விளிம்பிலுள்ள சிறுமிக்கு மேலே செல்ல வேறு வழிகள் மிகச் சிலவே என்பது மற்றொரு காரணம். நடுத்தர வர்க்கப் பெற்றோர் தம் மகளை மைதானத்துக்கு அனுப்பத் தயங்குகின்றனர்; அவளுக்கு இழப்பதற்குப் பல உள. வறிய உழவனின் மகள் அத்தயக்கத்தின் பயனாக ஏற்பட்ட வெற்றிடத்தையே நிரப்புகின்றாள்.

6

விளையாட்டு ஓர் உழைப்பு. அதற்கு ஊதியம் வழங்குவோர் யார் என்பது தவிர்க்கவியலாத கேள்வி. தெற்காசியாவில் ஆண்களின் ஆட்டத்தையே கழகங்கள் முழுமையாகத் தாங்குவதில்லை. பெண்களைத் தாங்குவோர் பெரும்பாலும் அரச நிறுவனங்களே. நேபாளத்தின் முன்னணி வீராங்கனைகள் ஆயுதப் பொலிஸ் படை, பொலிஸ், இராணுவம் ஆகியவற்றின் அணிகளில் ஊழியம் பெற்றே வாழ்கின்றனர். மேலே குறிப்பிட்ட இந்துமதி தமிழ்நாட்டுப் பொலிஸில் உப பரிசோதகர். இலங்கையிலும் தேசிய அணியைப் பெரிதும் நிரப்புவோர் முப்படை அணிகளின் பெண்களே.

பங்களாதேசத்தில் வீராங்கனைகள் சம்மேளனத்தின் விடுதியிலேயே வாழ்ந்து அதன் கொடுப்பனவையே நம்பியிருந்தனர். 2022 வெற்றியின் ஆறேழு மாதங்களுள், 2023இல், மியன்மாரில் நடைபெற்ற ஒலிம்பிக் தகுதிகாண் போட்டிக்கு அணியை அனுப்பப் பணமில்லை எனச் சம்மேளனம் அறிவித்தது. அவ்வாண்டு மே மாதத்தில் பயிற்றுநர் சோத்தன் பதவி விலகினார். வெற்றியணியின் முன்கள ஆட்டக்காரியான சிராத் ஜகான் சொப்னா ஆட்டத்தையே துறந்தார். வீராங்கனைகள் ஊதிய உயர்வு கோரி நின்ற பின்னரே முன்னணியினருக்கு மாதம் 50,000 டாக்கா என்னும் ஒப்பந்தம் ஏற்பட்டது. கிண்ணம் தானாக ஊதியமாக மாறவில்லை. கூட்டாகக் கோரியமையே அதனை ஓரளவு மாற்றியது.

7

வெற்றியின் சமூகப் பயன் யாது என்பதற்கு இரு பேருந்துப் பயணங்களை ஒப்பிடுவது பொருந்தும்.

2016 செப்டெம்பரில் டாக்காவில் நிகழ்ந்த 16 வயதுக்குட்பட்டோருக்கான ஆசியத் தகுதிகாண் போட்டியில் பங்களாதேசச் சிறுமியர் தமது பிரிவில் முதலிடம் பெற்றனர். அதன்பின் களசிந்தூர்ச் சிறுமியர் துணைக்கு எவருமின்றிச் சாதாரணப் பொதுப் பேருந்தில் ஊருக்கு அனுப்பப்பட்டனர். வழியில் பயணிகள் சிலரின் ஏளனத்துக்கும் இழிசொல்லுக்கும் அவர்கள் ஆளாயினர். ஆறு ஆண்டுகளின் பின், 2022 இறுதியாட்டத்துக்கு முன்னர், திறந்த கூரையுடைய பேருந்தில் ஊர்வலம் வருவது தமக்கு முக்கியமன்று, தம்மைப் பழித்தோரைக் கடந்துவந்த மக்களுக்காகவே வெல்ல விரும்புகின்றோம் என்னும் கருத்துப்பட சஞ்சிதா எழுதினார். வென்று திரும்பியபோது அரசு ஒரு மாடிப் பேருந்தின் கூரையை அவசரமாக அகற்றி அவர்களை ஏற்றியது. விமான நிலையத்திலிருந்து மோத்திஜீல் வரை டாக்காவின் வீதிகளில் மக்கள் திரண்டு நின்று வரவேற்றனர். அதே நாட்களில் கோல்காப்பாளர் ரூப்னாவின் பாழடைந்த வீட்டின் படம் வெளிவரவே, அவருக்கு வீடு கட்டிக்கொடுக்கப் பிரதமர் ஆணையிட்டார்.

இவ்வரவேற்பு உண்மையானதே. அதனைக் குறைத்து மதிப்பிடுதல் தவறு. 2004இல் டாக்காவில் பெண்கள் உதைபந்தாட்டம் தொடங்கப்பட்டபோது மதவாதக் குழுக்கள் அதனை எதிர்த்துத் தெருவில் இறங்கின என்பதை நினைத்துப் பார்த்தால், 2022இன் கூட்டம் எத்துணைப் பெரிய மாற்றம் என்பது விளங்கும். ஆயின் அம்மாற்றம் உறுதிப்பட்டுவிட்டதா? 2025 ஜனவரியின் இறுதியில் வடபங்களாதேசத்தின் ஜாய்பூர்காட் மாவட்டத்தில் பெண்கள் ஆட்டமொன்றுக்கென மைதானத்தைச் சுற்றி அமைத்த வேலியை ஒரு கூட்டம் உடைத்தெறிந்தது, ஆட்டம் நிறுத்தப்பட்டது. அதே நாட்களில் தேசிய அணியின் பதினெட்டு வீராங்கனைகள், ஆங்கிலேயப் பயிற்றுநர் பீட்டர் பட்லரின் நடத்தையைக் கண்டித்து அவரின் கீழ்ப் பயிற்சி பெற மறுத்தனர். அடுத்த மாதம் அந்நாட்டின் உயர்ந்த சிவிலியன் விருதுகளுள் ஒன்றான ஏகுஷே பதக் அதே அணிக்கு வழங்கப்பட்டது. 2025 ஜூலையில் மியன்மாரை 2-1 என வென்று பங்களாதேசம் முதன்முறையாக ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றது. இரு கோல்களையும் ரிதுபர்ணாவே அடித்தார். அவ்வணியில் சபினா இடம்பெறவில்லை.

மைதான வேலியை உடைப்போரும், அணிக்கு விருது வழங்குவோரும் ஒரே நாட்டில் ஒரே மாதங்களில் இயங்கினர். கிண்ணத்துடன் நிற்கும் பெண்ணைத் தேசம் தன் மகளெனக் கொண்டாடுகின்றது. ஊதியம் கேட்கும் பெண்ணையும், பயிற்றுநரைக் கேள்வி கேட்கும் பெண்ணையும், மலைநாட்டின் நிலத்தைப் பற்றிப் பேசும் பெண்ணையும் அவ்வாறு ஏற்றுக்கொள்வதில்லை. நாம் முன்னர் எழுப்பிய இரண்டாவது வினாவுக்கு விடை இதுவே.

8

பெற்ற உரிமை திரும்பப் பறிக்கப்படக்கூடும் என்பதற்கு ஆப்கானிஸ்தான் சான்று. முதல் நான்கு சுற்றுப்போட்டிகளிலும் அந்நாட்டுப் பெண்கள் பங்குபற்றினர். 2021 ஆகஸ்டில் தலிபான்கள் மீண்டும் ஆட்சியைக் கைப்பற்றியதும் வீராங்கனைகள் பலர் நாட்டைவிட்டு வெளியேறினர். உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் 2025இல் அவர்களுக்கென அகதிகள் அணி ஒன்றை அங்கீகரித்தது. நாட்டுக்குள் உள்ள சிறுமியருக்கு அதனால் ஒரு மைதானமும் கிட்டவில்லை.

இலங்கை 2012இல் இப்போட்டியை நடத்தியும், 2024 வரை ஒருமுறையேனும் இறுதியாட்டத்தை எட்டவில்லை. திறமையின்மை இதற்குக் காரணமன்று. தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரி மாணவியர் அகில இலங்கைப் பாடசாலைப் போட்டிகளில் பலமுறை வென்றுள்ளனர். பாடசாலை முடிந்தபின் அம்மாணவி எங்கே ஆடுவாள்? ஊதியத்துடன் ஆடக்கூடிய அணிகள் பெரும்பாலும் படைகளின் அணிகளாயிருக்கும்போது, வடபுலத்துக் கிராமமொன்றின் பெண்ணுக்கு அவ்வாயில் எத்தகையது என்பதை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. பாடசாலைக்கும் தேசிய அணிக்கும் இடையே குடிமக்கள் கழகங்களும், அவற்றைத் தாங்கும் பொதுநிதியும் இல்லாதவிடத்து, பதினெட்டு வயதுடன் ஒரு தலைமுறையின் திறன் வீட்டுக்குத் திரும்புகின்றது.

பங்களாதேசத்தின் அனுபவம் நமக்கு இரண்டைக் கற்பிக்கின்றது. கிராமத்துச் சிறுமிக்குப் பாடசாலையும் மைதானமும் சில ஆண்டுகள் தொடர்ச்சியாகக் கிடைப்பின், பெரிய நாடுகளின் நெடுங்கால முன்னிலையையும் கடக்கலாம் என்பது ஒன்று. அவ்வாறு கடந்தவள் தன் உழைப்பின் பயனைத் தானே போராடிப் பெற வேண்டியுள்ளது என்பது மற்றொன்று. முதலாவதைச் செய்ய அரசுக்குக் கொள்கை வேண்டும். இரண்டாவதில் அவள் தனித்து நிற்காதிருக்க, ஆட்ட நாளில் கைதட்டும் நாம் ஊதியக் கோரிக்கையின் நாளிலும் அவள் பக்கத்தில் நிற்றல் வேண்டும்.